மூடிக்கொண்ட விரிசல்

அந்த அறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேச்சொலி பட்டாலே திரையில் படம் நடுங்கும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஆய்வுக்கூடத்தில் ‘பெரியம்மா’ என்று பெயர். அதன் முன்னால் சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான் நடக்கும்.

பெரியம்மாவை இயக்குபவள் அக்கா. பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் தங்கை. உலோகங்கள் எப்படிக் களைத்து உடைகின்றன என்பது அவளுடைய ஆய்வு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத பிளாட்டினத் தகட்டைக் கருவிக்குள் வெற்றிடத்தில் மாட்டி, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, விரிசல் வளர்வதை அளக்க வேண்டும். மற்ற தகடுகள் மாட்டும்போதே கிழிந்துவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால் ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

விரிசல் காலையிலிருந்து ஒழுங்காக வளர்ந்தது. பிறகு நின்றது. பிறகு, நுனியிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது.

“என்னடி இது, ரிவர்ஸ்ல போகுது?”

“நீதான் ஏதோ பட்டனை அமுக்கியிருப்பே.”

“ஆமா, விரிசலை மூட தனியா ஒரு பட்டன் வெச்சிருக்கேன். நம்ம பாத்ரூம் சுவருக்கும் ஒண்ணு வாங்கணும்.”

தங்கை சிரிக்கவில்லை. ஒரே இடத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், எலெக்ட்ரான் கற்றை அங்கே மெல்லிய கரிக்கறையைப் படியவைத்து, விரிசல் மூடியதுபோல் காட்டிவிடும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாந்த விஷயம் அது.

“கறைதான்க்கா. கண்ணை எடுக்காம அங்கேயே பாத்துட்டிருந்தோம்ல? வெளிய எடுத்து சூடு காட்டினா போயிடும். நாளைக்கு மிச்சத்தை அளந்துக்கலாம்.”

“சூடு காட்டினா, அது கறையா, நிஜமாவே ஒட்டுச்சான்னு அப்புறம் தெரியாது. இப்பவே இழுத்துப் பாரு. கறைன்னா பழைய வழியிலேயே திறந்துக்கும்.”

“அறுந்துட்டா? ஒரு வருஷத்தை நீயா தருவே?”

தகட்டை இழுக்கும் குமிழை அக்கா தங்கையின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தங்கை திரையைப் பார்த்தாள். பிளந்திருந்த இடத்தில் அணுக்கள் வரிசை கலையாமல், நாற்று நட்டதுபோல் நின்றன. உலோகம் என்றால் உடையும், உடைந்தால் உடைந்ததுதான் என்றே அவள் இதுவரை எழுதியிருந்தாள். குமிழை மெல்லத் திருகினாள்.

தகடு நீண்டது. மூடிய இடம் திறக்கவில்லை. இழுவை கூடியது. அப்போதும் திறக்கவில்லை. பக்கத்தில், அதுவரை ஒரு கீறலும் இல்லாத இடத்தில், புதிய விரிசல் ஒன்று பிறந்து வேறு திசையில் ஓடியது. அடுத்த நொடி தகடு அறுந்து திரை வெறுமையானது.

“அடிப்பாவி,” என்றாள் அக்கா. “போயிடுச்சே.”

“ஒட்டியிருக்குக்கா. பசை இல்ல, சூடு இல்ல. நடுவுல காத்துகூட இல்லாததால, விரிசலோட ரெண்டு முகமும் தொட்டதும், தனித்தனிங்கிறதே அதுங்களுக்கு மறந்துபோச்சு.”

“உன் ஒரு வருஷம்?”

“போகட்டும். பதிவு இருக்குல்ல? அது பின்வாங்க ஆரம்பிச்ச இடத்திலிருந்து போடு.”

அக்கா போட்டாள். இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு, விரிசல் மூடுவதை மறுபடி பார்த்தார்கள்.