தான்தோன்றி நோய்

1.

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று மடக்காதீர்கள். இது ஒரு தப்பான சொல். அதை எழுதியவர் மருத்துவமனைகளுக்குத் துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறவர். அவரை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் மானம் போய்விடும்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"ஆதியில் கிரேக்கர்கள் நோய்க்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது..." வேண்டாம், இப்போதே கொட்டாவி வருகிறது.

"அக்காவுக்கு ஆறு மாதமாக வறட்டு இருமல்." உண்மைதான். ஆனால் அழுகைக் கதை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

"அவர் ஒரு அகராதிப் பைத்தியம்." இதுவும் உண்மை. இருக்கட்டும்.

2.

அவர் ஒரு அகராதிப் பைத்தியம். தலை சுற்றுகிறது என்றால் தண்ணீர் தரமாட்டார். 'வெர்டிகோ' என்பது லத்தீனில் சுழல்வதைக் குறிக்கும் என்பார். காதுக்குள் இருக்கும் 'காக்லியா'வுக்கு நத்தை ஓடு என்று பொருள், 'மஸில்' என்றால் சுண்டெலி என்று கையை மடக்கிக் காட்டுவார். (அவர் கையில் எலி எதுவும் ஓடியதில்லை.)

நான்கு வருஷத்துக்கு முன் அவர் மேசைக்கு 'இடியோபதிக்' வந்து சேர்ந்தது. 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது, 'பதோஸ்' என்றால் துன்பம். ஏன் வந்தது என்று டாக்டர்களுக்கே தெரியாத நோய்க்கு அவர்கள் கோட்டு மாட்டிவிட்ட பெயர். அவர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு 'தான்தோன்றி நோய்' என்று எழுதினார். தானே தோன்றியது, ஆகவே தான்தோன்றி! அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

(வீடுகளில் யாரைத் 'தான்தோன்றி' என்று திட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்பேச்சு கேளாதவளை. அவருக்கும் தெரியும். அந்த மூன்று நாளில் அது மட்டும் ஞாபகம் வரவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.)

3.

அவருடைய அக்கா பஸ் ஓட்டுநர். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள். இப்போது நுரையீரலில் தழும்பு. இன்றே மருந்தைத் தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் தழும்பு கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் காப்பியோடு வந்தார்.

"என்னக்கா, உன் நம்பரைக் கூப்பிட்டாங்களே. போகலையா?"

"போகலைடா. கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"விளையாடுறியா? மருந்து?"

"எனக்கு எதுக்கு மருந்து? இதைப் படி." நான்காக மடித்த தாளை நீட்டினாள். "தான்தோன்றி நுரையீரல் நோய். அச்சடிச்சே குடுத்துட்டாங்க. யார் பேச்சும் கேக்காம போனேன்ல, நானா தேடிக்கிட்டது. நானே அனுபவிச்சுக்கறேன்."

"ஐயோ, அது அந்த அர்த்தம் இல்லைக்கா. இடியோஸ்னா கிரேக்கத்துல..."

"கிரேக்கத்தை நீயே வெச்சுக்கோ. நான் பெட்டியோட கிளம்பினப்போ வாசல்ல நின்னு நீயும் இதைத்தானடா சொன்னே."*

* சொன்னார். வயது பதினெட்டு. பக்கத்தில் அப்பா நிற்கிறார் என்ற தைரியம். அதன்பின் பதினொரு வருஷம் அக்காவோடு பேசவில்லை.

4.

முடிவு அ: அவர் உண்மையைச் சொல்கிறார். அக்கா சிரித்துவிட்டு உள்ளே போகிறாள். (அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சிரிக்கிற ஆளே இல்லை.)

முடிவு ஆ: "அச்சுப்பிழைக்கா" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, மருந்தும் தொடங்கியாயிற்று. (எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கோழைகளுக்குப் பிடிக்கும்.)

முடிவு இ: இதற்கு 'அவர்' உதவமாட்டார். சரி, மானம் போனால் போகட்டும்.

"அக்கா, இந்த வார்த்தையை எழுதினது நான்தான்."

அக்கா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடப்பாவி. உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

அவள் கைப்பையிலிருந்து பேனாவை வாங்கினேன். தான்தோன்றியை அடித்துவிட்டு மேலே 'காரணம் தெரியாத' என்று எழுதினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள். "அப்போ இது என் தப்பு இல்லையா?"

"இல்லவே இல்லைக்கா."

"சரி. அன்னிக்கு?"

"அன்னிக்கு நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நிற்கிறது. நர்ஸ் கதவைத் திறந்து அக்காவின் நம்பரை இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டாள். அக்கா எழுந்திருக்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானோ ஆயுசு முழுக்க அடுத்தவர் வாக்கியத்தை எழுதியே பிழைத்தவன். நீங்கள் சொல்லுங்கள், அப்படியே அவளிடம் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம்.