அரக்கனுக்கு மாமா முகம்

திங்கட்கிழமைதான் அவனை அந்த வீடியோ கேம் கம்பெனியில் தலைமை ஓவியராக்கினார்கள். வெள்ளிக்கிழமை கேம் வெளியானது. அதில் வரும் அரக்கனுக்கு அவன் அக்கா வீட்டுக்காரரின் முகம் இருந்தது.

பொழுதுபோகாமல் வீட்டில் அவன் எழுதிய நிரல் செய்த வேலை அது. இன்னும் முகம் வரையாத உருவங்களில் மாமாவின் கல்யாண போட்டோவைத் தற்காலிகமாக ஒட்டிவைக்கும். அதை ஆபீசிலும் ஓட்டினான். அரக்கன் முகத்தை வரைந்து முடித்தவன், மாற்றி வைக்க மறந்துவிட்டான்.

மேலாளர் கூப்பிட்டார். "யாருய்யா இந்த ஆளு? ஊரே இவரப் பத்தித்தான் பேசுது. அவருக்குச் சம்மதம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லன்னா உன் பதவி போச்சு."

வேர்த்து விறுவிறுத்து அக்கா வீட்டுக்கு ஓடினான். மாமா அந்த அரக்கனிடம் ஏழாவது முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. ஒரே ஒரு கையெழுத்து."

"போடுறேன் மாப்ள. ஆனா இந்த ஆள எவனாலயும் ஜெயிக்க முடியக் கூடாது."

"இங்க குடுங்க," என்று அக்கா ரிமோட்டைப் பிடுங்கினாள். "எனக்குப் பதினஞ்சு வருஷப் பழக்கம்."

மாமா பேனாவைத் தேடினார். அரக்கன் அதற்குள் பாதி செத்திருந்தான்.

"மெதுவா அடி அக்கா," என்று தம்பி கெஞ்சினான்.