உராய்வைப் புறக்கணிக்கவும்

அறை விழுந்தது அப்பாவின் கன்னத்தில். எரிந்தது அவளுக்கு.

பெரியப்பாவின் டயர் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்பாவுக்கு வேலை. அன்று ஒரு காருக்குச் சக்கரம் மாட்டியது பெரியப்பா. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நட்டுகளை முடுக்க மறந்ததும் அவர்தான். கார் ஆட்டம் கண்டு திரும்பி வந்தது. காரோட்டி கத்தியதும் பெரியப்பா கிரீஸ் கையோடு தம்பியை ஒன்று விட்டார்.

"தம்பியாச்சேன்னு வச்சிருக்கேன் பாருங்க சார், என்னைச் சொல்லணும்."

அப்பா குனிந்து அந்த நட்டுகளை முடுக்கினார். சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்ற மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அப்புறம் அப்பா கடைப்பக்கம் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

அவர்கள் வீடு தெருவின் மேட்டில். தெரு சரிந்து இறங்கி, பெரியப்பா கடையில் முட்டி நிற்கும். கடைக்குப் புதிதாக ஆளுயரக் கண்ணாடி முகப்பு. வீட்டு வாசலில் ரிம்மோடு ஒரு பழைய சக்கரம். மிச்சத்தை அவள் மனசு தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது.

பள்ளியில் அவள் எடுத்தது வணிகவியல். இயற்பியல் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் பிடித்தாள். சரிவு, வேகம், ஆற்றல். கணக்குக்குக் கணக்கு கடைசியில் 'உராய்வைப் புறக்கணிக்கவும்' என்று போட்டிருந்தது. புறக்கணித்தாள். அது கணக்குக்கு மட்டும்தான் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பாதித் தெருவிலிருந்து விட்டாலே கண்ணாடி காலி என்று விடை வந்தது.

விட்டாள். சக்கரம் தள்ளாடி, சாய்ந்து, கடையை எட்டும் முன்பே தெருவோரச் சாக்கடையில் விழுந்தது.

பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னம்மா விஞ்ஞானி, சாக்கடைக்கா குறி வச்சே?"

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் உராய்வு அத்தியாயத்தைப் பிரித்தாள். தொளதொளத்த டயர் ஆற்றலைத் தின்னும் என்று புரிந்து, காற்றைக் கல்லாக அடைத்தாள். மறுபடி சாக்கடை. சுழலும் பொருள்களைப் படித்தாள். வேகம் இருந்தால்தான் சக்கரம் நிமிர்ந்து ஓடும். அப்படியானால் உச்சி மேட்டிலிருந்து விட வேண்டும். மறுபடி சாக்கடை. தெருவின் நடுமுதுகு உயர்ந்து, ஓரம் சாக்கடைப் பக்கம் சரிந்திருப்பதை அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அவர் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அவளுக்கு ஓர் அத்தியாயம். அம்மா திட்டினாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். அவள் சக்கரத்தை உருட்டி மேட்டுக்குக் கொண்டுபோனாள்.

"வாங்க வாங்க, இலவச வேடிக்கை!" பெரியப்பா எல்லாரையும் வெளியே கூப்பிட்டார். "எங்க விஞ்ஞானி சாக்கடையை ஒடைக்கப் போறா."

"கண்ணாடியை ஒடைச்சிட்டா?" மேலிருந்து கத்தினாள்.

"உங்கப்பன்கிட்ட வந்து மன்னிப்பு கேக்குறேன். போதுமா? விடு, தாயே!"

"உள்ளே யாராவது இருக்காங்களா?"

"ஈ காக்கா இல்லை. விடும்மா!"

சாக்கடைக்கு எதிர்ப்பக்கமாக இம்மியளவு திருப்பி வைத்து, ஓங்கித் தள்ளினாள். சக்கரம் சாக்கடையைப் பார்த்து வளைந்தது. பெரியப்பா சிரிக்க வாயைத் திறந்தார். சக்கரம் நிமிர்ந்தபடியே வேகமெடுத்து அவரைக் கடந்து போனது.

கண்ணாடி மொத்தமாகக் கொட்டியது. ஒருவர் கை தட்டினார். இன்னொருவர், "சொன்ன சொல்லு என்னாச்சுண்ணே?" என்றார்.

கூட்டம் தள்ளிக்கொண்டு வந்ததால்தான் பெரியப்பா மேடேறினார். அப்பா பதறி எழுந்தார்.

"அண்ணா, சின்னப் பொண்ணு, தெரியாம..."

"தெரிஞ்சுதான் செஞ்சேன்ப்பா."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஏதோ கோவத்துல கை வச்சிட்டேன்டா. மனசுல வச்சிக்காத."

"நட்டை முடுக்காம விட்டது யாரு பெரியப்பா?"

"விடும்மா," என்றார் அப்பா. கெஞ்சினார்.

அவள் விடவில்லை. தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தாள்.

"நான்தான்," என்றார் பெரியப்பா, தரையைப் பார்த்து மெல்ல.

"கேக்கல," என்றாள்.