பூக்கட்டிப் பார்த்த வீடு

மகனைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த வாரத்திலிருந்து, அம்பலவாணன் கையில் வாங்கிய பொட்டலம் எதுவானாலும் அதற்குள் ஒரு வெள்ளை நந்தியாவட்டைப் பூ இருந்தது. முதலில் அது சீனிப் பொட்டலத்தில் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போடுவதற்காக அவர் மனைவி நீலாம்பாள் நூலை அறுத்துப் பிரித்தபோது, சீனிக்கு நடுவில், அப்போதுதான் செடியிலிருந்து பறித்ததுபோல ஐந்து இதழும் விரிந்து கிடந்தது. எறும்பை எடுத்துப் போடுவதுபோல அவள் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டுக் காப்பியைக் கலக்கினாள். மறுநாள் கடுகில் வந்தது. அதற்கும் மறுநாள் தலைவலி மாத்திரை அட்டையில், மாத்திரை இருக்க வேண்டிய குழிக்குள், நசுங்காமல் இருந்தது.

பாளையங்கோட்டையில் சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் காஜா முகைதீனின் பலசரக்குக் கடை இருக்கிறது. ஊரெல்லாம் பிளாஸ்டிக் பைக்கு மாறிய பிறகும் பழைய செய்தித்தாளில் மடித்து நூலால் கட்டிக் கொடுக்கிற கடை அங்கே அது ஒன்றுதான். யாரோ தன் துக்கத்தில் விளையாடுகிறார்கள் என்று நினைத்து அம்பலவாணன் அங்கே போய்ச் சத்தம் போட்டார். காஜா முகைதீன் தாளை உதறிக் காட்டி, துவரம் பருப்பை எடைபோட்டு, அவர் கண் முன்னாலேயே கட்டிக் கையில் கொடுத்தார். அம்பலவாணன் நின்ற இடத்திலேயே பிரித்தார். பருப்புக்கு மேல் பூ இருந்தது. காஜா முகைதீன் எட்டிப் பார்த்தார். "எம் பிள்ளைக மேல சத்தியமா நான் வைக்கல அண்ணாச்சி. இது ஒங்களுக்குன்னு வருது. என்னத்துக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அம்பலவாணன் பருப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நம்மூர் எதற்கும் அதிக நாள் வாயைப் பிளந்துகொண்டு நிற்காது. கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து, இது நந்தியாவட்டைதான், நல்ல பூ, என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் செய்தி வந்தது. அந்த வாரமே சின்ன வெங்காயம் விலை ஏறியதால் ஜனங்கள் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். கண்வலிக்கு நந்தியாவட்டை குளிர்ச்சி என்பதால் தெருவில் யாருக்காவது கண் சிவந்தால், "அண்ணாச்சி, இன்னைக்கி எதும் பொட்டலம் பிரிச்சீங்களா?" என்று வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். பூ எதற்கு வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

சங்கதி இதுதான். அவர்களுடைய மகன் கார்த்திகேசன் பிளஸ் ஒன் படித்த பள்ளிக்கூடம் பாளையங்கோட்டையில் பெயர்பெற்றது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அம்பலவாணன் சிறுவனாக இருந்தபோது சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் தகப்பனாரோடு வந்து அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். பிறகு வேறெங்கோ படித்துக் கருவூலத்தில் கண்காணிப்பாளர் வரைக்கும் வந்துவிட்டார். ஆனாலும் அந்த வாசல் அவருக்குத் தொண்டையில் முள்ளாகவே இருந்தது. மகனுக்கு அங்கே இடம் கிடைத்த அன்று அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார்.

வகுப்பில் ஒருவன் துண்டில் சுற்றிய அரிவாளைப் பைக்குள் வைத்திருந்ததைக் கார்த்திகேசன் பார்த்தான். பஸ்ஸில் வேறு பள்ளிக்கூடத்துப் பையன்களோடு, மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில் ஆரம்பித்த தகராறுக்காக அவன் அதைக் கொண்டுவந்தானாம். கார்த்திகேசன் நல்ல பிள்ளை, வாத்தியாரிடம் போய்ச் சொன்னான். வாத்தியார் நல்லவர்தான், யார் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அரிவாள் வைத்திருந்தவனை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்கள். தகப்பன் வந்து கும்பிட்டதும் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவன் கார்த்திகேசனுக்குப் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். "சொல்லிக்குடுத்த வாயி இதுதானலே" என்று தினமும் அவன் கழுத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொல்வான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

கார்த்திகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. "எப்பா, எனக்கு டி.சி. வாங்கிருங்க. சீவலப்பேரியில போயிக்கூட படிக்கேன், இங்கன வேண்டாம்ப்பா" என்றான். நீலாம்பாளும், "பிள்ள மொகமே சரியில்லங்க, வாங்கிருவோம்" என்றாள். அம்பலவாணன் யோசித்து, "சாமிட்ட கேட்டுருவோம்" என்றார். அந்த வீட்டில் எதையும் தீர்மானிக்க முடியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற நிறம்தான் உத்தரவு. மகள் பிருந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்தது அப்படித்தான், வீட்டுக்கு மாடி எடுத்ததும் அப்படித்தான். வெள்ளை வந்தால் அங்கேயே படிப்பது, சிவப்பு வந்தால் டி.சி. வாங்குவது என்று பேசி வைத்தார்கள்.

பொட்டலம் கட்டியது அம்பலவாணன். இரண்டிலும் அவர் வெள்ளையைத்தான் வைத்தார். அவர் நாத்திகர் இல்லை. பிரதோஷம் தவறாதவர், நீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். பிள்ளையின் பயம் ஒரு மாதத்தில் போய்விடும், இந்த இடம் போனால் வருமா என்று நினைத்தார். சாமியும் அப்படித்தான் நினைப்பார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நிச்சயமான ஒன்றுக்குச் சாமியை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார், அலுவலகத்தில் மேலதிகாரி ஊரில் இல்லாதபோது செய்வதுபோல.

எடுப்பதற்குச் சின்னக் குழந்தையை அழைப்பார்கள். வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம் என்று அம்பலவாணன் மகனையே எடுக்கச் சொன்னார். கார்த்திகேசன் குளித்துவிட்டு வந்து கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கும்பிட்டான். ஒரு பொட்டலத்தைத் தொட்டான். பிறகு கையை இழுத்துக்கொண்டு மற்றதை எடுத்தான். வெள்ளை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட வேண்டும் என்பது முறை. மறுநாள் அம்பலவாணன் அதைத் தேடியபோது காணவில்லை. வாடிய பூவோடு நீலாம்பாள் அள்ளிப் போட்டிருப்பாள் என்று நிம்மதியாக ஆபீசுக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் கணக்கு வகுப்பில், வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது, பின் பெஞ்சில் இருந்தவன் எழுந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே கார்த்திகேசன் இறந்துபோனான். வெட்டியவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். காலம் முடிந்து அவன் வெளியே வந்து எங்கோ பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நீலாம்பாள் நெற்றியைக் கழுவிவிட்டு, பூஜை அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அழுதாளா என்றால், அழுகை தொண்டைக்கு வருவதற்கு முன்பே அவளுக்குக் கோபம் வந்துவிடும். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் சாமி பெயரை எடுத்தால், "அவரு பொய்யில்லா சொன்னாரு! பொய் சொல்லுதவர் பேச்ச ஏங்கிட்ட எடுக்காதீங்க" என்பாள். வந்தவர்கள் அம்பலவாணன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் அந்தப் பழியைத் துடைத்திருக்கலாம். துடைத்தால் அது யார் தலையில் வந்து இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையும் போய், இவளும் போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டில் அவருக்கு என்ன இருக்கிறது? அதனால் பழி சாமி மேலேயே கிடந்தது. சாமி மறுத்துப் பேசவில்லை. பூவை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அம்பலவாணன் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. திறந்த பாத்திரத்தில் பூ வருவதில்லை என்று கண்டுபிடித்து, கொஞ்ச நாள் தூக்குச்சட்டியை மூடியில்லாமல் கொண்டுபோய்ச் சாமான் வாங்கினார். ஆனால் ஒரு மனுஷனுடைய வாழ்க்கையில் மூடிய பொருள் எத்தனை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அலுவலகத் தபால் உறையில் பூ, ஓட்டல் இட்லிப் பொட்டலத்தில் பூ, கோயம்புத்தூரிலிருந்து பிருந்தா அனுப்பிய சட்டையின் பைக்குள் பூ. கேட்டு வாங்கித் தூத்துக்குடிக்கு மாறுதலில் போனார். முதல் நாள் மதியமே எலுமிச்சம் சாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. தசராவுக்கு விரதமிருந்து குலசேகரன்பட்டினத்துக்குப் பிச்சைக்காரர் வேஷம் கட்டிக்கொண்டு போய், கடற்கரைக் கூட்டத்தில் அம்மன் முன்னால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி அழுதார். கேட்க வேண்டியவள் பாளையங்கோட்டையில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். குங்குமப் பொட்டலத்தில் பூ வந்தது.

வருஷங்கள் இப்படியே போயின. பிருந்தா தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். நீலாம்பாள், அவன் படுத்த கட்டிலை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அவளோடு நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டி வந்தது. கோயிலுக்குப் போனால் தூணுக்குப் பின்னால் நிற்பார். சந்நிதிக்கு நேரே போய் நிற்க முகமில்லை. வீட்டில் பூட்டிய கதவைத் தாண்டும்போது நடையை மெதுவாக வைப்பார், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி.

போன ஆவணியில் கார்த்திகேசன் திதிக்குப் பிருந்தா வந்திருந்தாள். இலை போட்டுப் படைத்துவிட்டு, "எம்மா, சாவியக் குடு. ஒரு வெளக்காச்சும் ஏத்துவோம்" என்று கேட்டாள். நீலாம்பாள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"ஒனக்குத் தெரியாதுட்டி. அன்னைக்கி எடுக்காத பொட்டலத்த நான் பிரிச்சுப் பாத்தேன். பாக்கக் கூடாதுன்னு தெரியும், மனசு கேக்கல. அதுலயும் வெள்ளதான் இருந்துச்சு. செவப்பையே வெள்ளையாக்கிட்டாரே, ஒரே பேச்ச ரெண்டு மட்டம் சொல்லுதாரேன்னு எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. கடைசி நாளு அவன் போகமாட்டேன்னு கெணத்தடியில உக்காந்துகிட்டு அழுதான். நாந்தான், சாமியே ரெண்டு மட்டம் சொல்லியாச்சுலேன்னு, கையப் புடிச்சுத் தூக்கி, நெத்தியில துந்நூறு பூசி அனுப்புனேன். இவுகளுக்குக்கூடத் தெரியாது. நாந்தான் அனுப்புனேன்."

தான் சாமி தலையில் போட்ட பழியில் பாதியை இவள் இத்தனை வருஷமாகத் தன் தலையில் சுமந்துகொண்டு தனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பது அம்பலவாணனுக்கு அப்போதுதான் புரிந்தது. இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தார். "ஏளா நீலா, அது சாமி செய்யல. நாந்தான் ரெண்டுலயும் வெள்ளைய வச்சேன்" என்றார்.

பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். நீலாம்பாள் அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பிள்ள ஒண்ணத் தொட்டுட்டுக் கைய மாத்துனானே. அதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்களா?"

"ஆமா" என்றார் அம்பலவாணன்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பூட்டு துருப்பிடித்துப்போய்த் திறக்கச் சிரமமாக இருந்தது. உள்ளே போய் ஒட்டடை அடித்து, சாமி படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, விளக்கைத் தேய்த்து ஏற்றி, நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டாள். "மன்னிச்சுருப்பா, ஒன்னைய என்னெல்லாம் சொல்லி வஞ்சுட்டேன்" என்று அவள் சத்தமாக அழுதது தெருவில் கேட்டது. மகன் போன பிறகு அவள் அப்படி அழுதது அன்றைக்குத்தான். அம்பலவாணன் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டபடியால் இனி பூ வராது என்று அவர் நம்பினார். மறுநாள் வாங்கி வந்த மிளகுப் பொட்டலத்தில் பூ இருந்தது. நீலாம்பாள் அதை எடுத்துத் தண்ணீர் தெளித்து, உள்ளே கொண்டுபோய்ச் சாமிக்கு வைத்தாள். அவளுக்குச் சாமி திரும்பக் கிடைத்துவிட்டார். புருஷனுக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாள், வேட்டி துவைத்துப் போடுகிறாள், பேசுவதில்லை. பூஜை அறைக்குள் வா என்று அவள் கூப்பிடவுமில்லை, வரட்டுமா என்று அவர் கேட்கவுமில்லை.

மறுபடி பூஜை நடந்தாலும் அந்த வீட்டுக்குப் பூக்காரி வருவதில்லை. வீட்டில் எந்தச் சாமானும் தேவைப்படாத நாளிலும் அம்பலவாணன் காலையில் குளித்துவிட்டுக் காஜா முகைதீன் கடைக்குப் போய், சுக்கோ வெந்தயமோ ஏதாவது ஒன்றைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பூஜைக்கு நேரமாகிறது என்று கடையில் நிற்கிறவர்களும் அவருக்கு முதலில் வழி விடுகிறார்கள்.