வெள்ளி ஸ்டியரிங்

திருவள்ளூர் தேவராஜனின் கார் முப்பத்தெட்டாம் வருஷத்து வெளிநாட்டுக் கார். மாமனார் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பழைய கார்களின் ஊர்வலம். அதில் இதுவும் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. புது வேஷ்டிகூட வாங்கிவிட்டார்.

தடை ஸ்டியரிங். கம்பெனி போட்டது என்றோ உடைந்துபோய், ஒரு லாரியின் ஸ்டியரிங்தான் இருந்தது. டிரைவர் முனுசாமி கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய இரும்புக் கடையைக் கிளறி இரண்டு கொண்டுவந்தான். இரண்டும் அதே கம்பெனி, அதே வருஷம். ஒன்று கறுப்பு, மூன்று கம்பி, நடுவில் ஹார்ன் பொத்தான். மற்றது தந்த நிறம். உள்ளே பளபளக்கும் ஹார்ன் வளையம். கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு மட்டும் கம்பெனி போட்டுத் தந்தது.

தேவராஜன் யோசிக்கவில்லை. தந்த நிறத்தை மாட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கார் சங்கத்திலிருந்து மோசஸ் சோதிக்க வந்தார்.

"அழகா இருக்கு சார். ஆனா கார் பொறந்தப்ப இதான் இருந்துச்சா?"

"இதேதான். எங்க மாமனார் சாதாரணமா எதையும் வாங்கமாட்டார்."

"அது மாமனாருக்கு அத்தாட்சி. ஸ்டியரிங்குக்கு?"

தேவராஜனின் மனைவி அம்புஜவல்லி உள்ளே போய் ஒரு வெள்ளித் தகட்டோடு வந்தாள். உள்ளங்கையளவு ஸ்டியரிங்.

திருவள்ளூரில் கண் வலித்தால் வெள்ளியில் கண், கால் வலித்தால் கால், வீரராகவப் பெருமாள் உண்டியலில் சேரும். கல்யாணமான புதிதில், கம்பெனி ஸ்டியரிங் உடைவதற்கு முன்பே, கார் இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது. அம்புஜவல்லி வேண்டிக்கொண்டாள். ஆசாரியைக் காருக்குள் உட்காரவைத்து, பார்த்து அப்படியே அடிக்கச் சொன்னாள்.

தகட்டில் மூன்று கம்பி. வளையம் இல்லை.

"ஆசாரி வெள்ளியை மிச்சம் பிடிச்சிருப்பான்" என்றார் தேவராஜன்.

"விரல் பதியற மேடு பள்ளம்கூட விடல சார். வளையத்தை விட்டிருப்பாரா? கறுப்பை மாட்டுங்க. ஞாயித்துக்கிழமை இந்தத் தகட்டைக் கமிட்டிக்குக் காட்டணும். இல்லன்னா உள்ள விடமாட்டாங்க." மோசஸ் அம்புஜவல்லியைப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏம்மா உண்டியல்ல போடல?"

"கார் குணமாகலையே. ஆகற அன்னிக்குச் சேர்த்துடுவேன்."

முனுசாமி தேவராஜனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"சாமி, பேஜாரு. கும்மிடிப்பூண்டி போனப்ப அப்டியே பட்டறைல உட்டு அச்சையும் சரி பண்ணிக்கினு வந்துட்டேன். நூல் புடிச்சாப்ல போவுது."

"யார்டா பண்ணச் சொன்னா?"

"நீங்கதான். எத்தினி வருசமா சொல்லிக்கினு கீறீங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதுக்கு உடம்பு சரியில்லை. புரிஞ்சுதா?"

கறுப்பை மாட்டி முடித்ததும் அம்புஜவல்லி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். "ஒரு சுத்து போகலாம். எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

கோயில் குளத்தைச் சுற்றிப் போனார்கள். முனுசாமி நன்றாகவே நடித்தான். கார் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. மோசஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரு திருப்பத்தில் முனுசாமி மறந்துபோய் வலது பக்கம் இழுத்தான்.

"முனுசாமி, இத்தனை நாள் இடது பக்கந்தானே இழுத்துது?"

"நோவு எடம் மாறிக்கிச்சும்மா. வாயு மாரி."

"ரெண்டு கையையும் எடு."

"மாடு கீடு வந்துடும்மா..."

"தெரு காலியாத்தான் இருக்கு. எடு."

எடுத்தான். கார் நேராகப் போனது. கோயில் வாசல்வரை நேராகவே போனது.

"அம்புஜம், ரெண்டே நாள்" என்றார் தேவராஜன்.

"பெருமாள் இத்தனை வருஷம் காத்துண்டிருந்தார். இன்னும் காக்க வைக்கச் சொல்றேளா?"

தகட்டோடு உள்ளே போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

தேவராஜன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மோசஸுக்குப் பாவமாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"தகட்டை நான் பார்த்தேன்னு எழுதிடறேன். ஆனா இப்ப எங்க இருக்குன்னு கமிட்டி கேக்கும். யார்கிட்ட இருக்குன்னு போடறது?"

"வீரராகவன்னு போடுங்கோ" என்றாள் அம்புஜவல்லி.

"வெறும் பேரு போதாதும்மா. பெரிய மனுஷங்களா இருக்கணும்."

"இந்த ஊர்ல எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கறவர் அவர்தான். டாக்டர்னு போட்டுக்கோங்கோ."

மோசஸ் எழுதினார்: டாக்டர் வீரராகவன், திருவள்ளூர்.

கமிட்டியில் டாக்டரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவராஜன் புது வேஷ்டியில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, வழியில் யாருமே இல்லாத இடங்களிலும் அந்தக் கறுப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார்.