மொட்டை வண்டி

"நான்தான் அத்தை அவரைக் கொன்னுட்டேன்."

என் தம்பி மகள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இதையேதான் சொல்கிறாள். கண் விழித்ததும் சொல்கிறாள். ஊசி போட வருகிற நர்ஸிடமும் சொல்கிறாள். இடுப்பெலும்பு உடைந்து, ஒருக்களித்துப் படுக்கக்கூட வழியில்லாமல் கிடப்பவள். சாப்பாடு கொண்டுபோனால் வாயை இறுக்க மூடிக்கொள்கிறாள். 'நீ இல்லடி' என்றால், 'வண்டி ஓட்டினது நான்தானே' என்கிறாள். இப்படியே போனால் இவளையும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அவளைப் பெற்ற மகராசன், என் தம்பி, வெளியே நடையில் சுவரோடு சுவராக நிற்பான். உள்ளே வாடா என்றால் தலையை மட்டும் ஆட்டுவான். தாயில்லாத பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவன், பத்தடி தூரத்தில் அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். எனக்கு அவனைப் பார்த்தால் ஒரு நேரம் பாவமாக இருக்கும், ஒரு நேரம் அறையலாம் போலிருக்கும்.

தம்பிக்குத் தொழில், கார் சீட்டுக்கும் கூரைக்கும் துணி தைப்பது. வீட்டின் கீழே கடை, மேலே நாங்கள். யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போன ஒரு பழைய காரைப் பிடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பகல் பாராமல் சீர்செய்தான். நாலு பேர் உட்காருகிற கார். மேலே தகரம் கிடையாது, மடிக்கிற துணிக் கூரைதான். கூரையை மடித்துவிட்டால் வண்டி முழுக்கத் திறந்துகிடக்கும். எங்கள் தெருவே அதற்கு 'மொட்டை வண்டி' என்று பெயர் வைத்துவிட்டது. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்ள அதை வாடகைக்குக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூரை விஷயத்தில் அவன் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்தபடிதான் பொத்தானை அமுக்க வேண்டும். நகர்ந்துகொண்டே திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்பவர்கள் கையை எடுத்துவிட வேண்டும், மடிகிற சட்டத்தில் விரல் மாட்டினால் விரல் அவ்வளவுதான். டிக்கியில் கூரை வந்து படுக்கிற இடத்தில் ஒரு குடைகூட இருக்கக் கூடாது. நனைந்த துணியை மடித்தால் பூஞ்சை பிடிக்கும். மூடினால், முன் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி 'டக்'கென்று விழுந்த சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். வாடகைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை ஒப்பிப்பான். மணப்பெண்கள் கொட்டாவி விடுவார்கள்.

கம்பிகளைப் பற்றியும் பெருமையாகச் சொல்வான். பின் சீட்டுக்குப் பின்னால், மூடிகளுக்கு அடியில், இரண்டு தடித்த கம்பிகள் ஒளிந்திருக்கும். வண்டி கவிழப்போகிறது என்றால் கண் இமைக்கும் நேரத்தில் அவை மேலே எழும்பி நிற்கும். தலைகீழாக விழுந்தாலும், முன் கண்ணாடிச் சட்டமும் அந்தக் கம்பிகளும் வண்டியின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். நடுவில் இருப்பவர்களின் தலைக்கு இடம் கிடைக்கும்.

"துணிக் கூரை மழைக்குத்தான் அக்கா. உயிருக்கு இந்தக் கம்பிதான்" என்பான்.

பாப்பாவும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். பாப்பா என்றுதான் கல்யாணமான பிறகும் அவளைக் கூப்பிடுகிறோம். வந்த மறுநாள் வண்டி ஒரு போட்டோ வேலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தது. காலையில் எழுந்ததும் பாப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வண்டி முழுக்க வாடின பூவும் ரிப்பனும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, முன்பக்கம், ஸ்டியரிங் என்று எல்லாவற்றையும் அவிழ்த்துப் பையில் போட்டு, ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று வைத்துவிட்டாள். நான் மேலே ஜன்னலிலிருந்து, "வந்த இடத்துலயும் உனக்கு வேலையா?" என்று கேலி செய்தேன். "அப்பா பார்த்தா அசந்துடுவாரு அத்தை" என்றாள்.

ஏரிப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். தம்பி வழக்கம்போல ஆரம்பித்தான்.

"மாப்பிள்ளை, பொத்தானை அமுக்கும்போது கையை உள்ள வச்சுக்குங்க. பாதில விடக் கூடாது. முழுசா மடியற வரைக்கும் அமுக்கிட்டே இருக்கணும்."

"மாமா, உங்க பொண்ணைக் கட்டும்போதுகூட இவ்வளவு நிபந்தனை போடலையே!" என்றார் மாப்பிள்ளை.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை எதையும் சிரிப்பாக்கிவிடுகிற ஆள். வந்த அன்றே என்னிடம், 'அத்தை, உங்க கோபத்தைப் பாட்டில்ல அடைச்சு வித்தா நல்லா போகும்' என்று சொல்லி, என்னையே சிரிக்கவைத்தவர். தம்பி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தான்; பூவெல்லாம் போய் வண்டி பளிச்சென்று இருப்பதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. "எல்லாம் சரியா இருக்கு. போயிட்டு வாங்க" என்று சாவியைப் பாப்பாவிடம் கொடுத்தான்.

ஏரிக்கரை வளைவில் ஒரு லாரி தன் பக்கத்தை விட்டு எதிரே வந்திருக்கிறது. பாப்பா ஓரமாக ஒடித்திருக்கிறாள். ஓர மண் சரிந்து, வண்டி பள்ளத்தில் உருண்டு தலைகீழாக விழுந்தது. பாப்பா விழுந்த பக்கம் மண் குழிவாக இருந்ததால் பிழைத்தாள். மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவரை நான் பார்த்தேன். எப்படி இருந்தார் என்று எழுத மாட்டேன்.

விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கிற அதிகாரி எங்களை வரச் சொன்னார். நானும் தம்பியும் போனோம். நசுங்கிப் போயிருந்த வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதிகாரி அமைதியான மனிதர். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"கம்பி ரெண்டும் எழும்பவே இல்லை. பின் சீட்டுக்கு அடியில, கம்பிக்குக் கரண்ட் போற பிளக் கழண்டிருக்கு. தானா கழண்டது இல்லை. கழட்டி, நுனியில டேப் சுத்தி வச்சிருக்கு. யார் செஞ்சது?"

"நான்தான்" என்றான் தம்பி.

நான் அவன் பக்கம் திரும்பினேன். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"கம்பி நின்னிருந்தா ரெண்டு பேரும் தலையில அடிபடாமத் தப்பிச்சிருப்பாங்க. முன் சட்டம் தாங்கியிருக்கு பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கடைக் கதவைச் சாத்திவிட்டு அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டா கழட்டினே? அந்தக் கம்பியப் பத்தி ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினியே!"

திக்கித் திக்கிச் சொன்னான். போட்டோ எடுப்பவர்கள் ஜோடியைச் சீட்டில் உட்காரவிட மாட்டார்களாம். பின் சீட்டின் முதுகு மேல் ஏற்றி உட்காரவைத்தால்தான் படம் எடுப்பாக வருமாம். அந்த இடம் சரியாகக் கம்பி மூடிகளுக்கு மேலே. ஒரு தடவை படத்துக்காக வண்டியை ஒரு மேட்டில் சரிவாக இழுத்து ஏற்றும்போது, கவிழ்கிறது என்று நினைத்துக் கம்பிகள் எழும்பி, மேலே இருந்த கேமரா பையைத் தூக்கி எறிந்துவிட்டன. பைக்குப் பதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் என்று நினைத்துப் பயந்துவிட்டான். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? அங்கே உட்காராதே என்பான். இவனும் சொல்லிப் பார்த்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை. ஆகவே ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்னால் பிளக்கைக் கழற்றிவிட்டு, முடிந்ததும் மாட்டுவது என்று வழக்கமாக்கிக்கொண்டான். கழற்றினால் ஸ்டியரிங்குக்கு முன்னால் எச்சரிக்கையாக எரிகிற சிவப்பு விளக்கு படத்தில் விழுகிறது என்று அதன் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டான். மேலே ஏறி உட்காருகிற முட்டாள்களைக் காப்பாற்றுவதற்காக உள்ளே ஒழுங்காக உட்காருகிறவர்களைக் கைவிட்டான். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"எப்பவும் அன்னைக்கே மாட்டிடுவேன் அக்கா. அன்னைக்கு ஒரே அசதி, காலையில மாட்டிக்கலாம்னு விட்டேன். காலையில அவங்க கிளம்பும்போது எட்டிப் பார்த்தேனே, அடையாளம் இல்லை. சரி, ராத்திரியே மாட்டிட்டேன் போலன்னு…"

"என்ன அடையாளம்?"

"பிளக்கைக் கழட்டினா ஸ்டியரிங்ல ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைப்பேன். மாட்டினதும் அவிழ்ப்பேன். ரிப்பன் இருந்தா மாட்டலைன்னு அர்த்தம். என் கையால கட்டினதை நானே அவிழ்க்காம எப்படிப் போகும்? அதுதான் புரியலை."

தலை முழுக்க ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்கிற வண்டியில் அடையாளத்துக்கு ரிப்பன் கட்டியிருக்கிறான்! உலகத்தில் வேறு எவனுக்காவது இந்த யோசனை வருமா? அந்தக் கோபத்தில் என் வாய் என்னை முந்திக்கொண்டது.

"ஸ்டியரிங்ல இருந்ததா? அதைத்தான் பாப்பா மத்ததோட சேர்த்து…"

நிறுத்திவிட்டேன். ஆனால் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தையல் மிஷினுக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் அவனை என்னென்னவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டவும் வாய் வரவில்லை.

பிறகு கேட்டான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"அது என்ன ரிப்பன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்பத்தானே தெரியும்."

"அவளுக்குத் தெரியவே கூடாது அக்கா. என் தலை மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் அவன் முதல்முறையாக அறைக்குள் வந்தான். அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றான். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்டு நிற்கிறவனைப் போல இரண்டு கையையும் கோத்துக்கொண்டான்.

"பாப்பா, நீ அவரைக் கொல்லலை. லாரி வந்துச்சு, நீ ஒடிச்சே. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. வண்டி கவிழ்ந்தாலும் அந்தக் கம்பி உங்களைக் காப்பாத்தியிருக்கணும். நான் அதைக் கழட்டி வச்சிருந்தேன். மாட்ட மறந்துட்டேன்."

அவள் அவன் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டாள்.

"கம்பி எழும்பியிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?"

"பிழைச்சிருப்பாரு."

"அப்போ நான் இல்லையா?"

"நீ இல்லைடா கண்ணு."

அவள் அழுதாள். இத்தனை நாள் அழுதது போலில்லை. வயிற்றிலிருந்து வந்த அழுகை. உடைந்த இடுப்பு குலுங்கி வலியில் கத்தினாள். நர்ஸ் ஓடிவந்தாள். தம்பி அவள் தலையைத் தொடக் கையை நீட்டினான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வெளிய போங்க."

"பாப்பா…"

"சாவியைக் கையில கொடுத்து, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்களே! இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க."

அவன் போய்விட்டான். அன்று மத்தியானம் நான் ஊட்டிய சூப்பை அவள் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். மறுநாள் ரொட்டி கேட்டாள். நான்தான் கொன்றேன் என்ற பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாகவும் இருந்தது. என் தம்பியைக் கரைத்துத்தானே அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

வழக்கு அதன்பாட்டுக்கு வரும் என்றார்கள். அவனுக்கு அது உறைக்கவே இல்லை. தினமும் அவள் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆஸ்பத்திரி நடைவரை கொண்டுவந்து என்னிடம் கொடுப்பான். துவைத்தது யார் என்று அவள் கேட்பதில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவளை முதல்முதலாகத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்த அன்று, நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அத்தை, அவர் எப்படி மறந்தாரு?"

"யாரு?"

"அப்பாதான். கூரைக் கொக்கியையே மூணு தடவை பார்க்கிற ஆளு. எதையும் மறக்க மாட்டாரே. ஏதாவது அடையாளம் வச்சிருப்பாரே?"

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. நல்லவேளை, நான் அவள் முதுகுப் பக்கம் இருந்தேன்.

"அடையாளமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வயசாகுதுல்ல, மறந்துட்டான்."

"அதெப்படி அத்தை மறப்பாரு?" என்றாள். அவள் குரலில் இப்போது ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. "என்னால அவரை மன்னிக்கவே முடியாது."

நான் சிக்கெடுத்து, பின்னி முடித்து, அவளைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தேன். தம்பி துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"நிமிர்ந்து உட்கார்ந்தாளா?"

"உட்கார்ந்தா."

"என்னைப் பத்தி எதாவது கேட்டாளா?"

"நீ எப்படி மறந்தேன்னு கேட்டா. வயசாயிடுச்சு, மறந்துட்டான்னு சொன்னேன்."

அவன் பையை என் கையில் கொடுத்துவிட்டு, அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதையே சொல்லு அக்கா. எப்பக் கேட்டாலும் அதையே சொல்லு."