ஜீரோ வைக்கத் தெரிந்தவன்

தொழிற்சாலையில் அவனுக்குப் பச்சை என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. நாலாம் நம்பர் மெஷினில் பதினோரு வருஷமாகப் பச்சை பட்டனை அமுக்கியே காலம் தள்ளுகிறான் என்று கூட வேலை செய்கிற மகராசர்கள் சூட்டியது. அலுமினியக் கட்டையை மாட்டு, கதவைச் சாத்து, பட்டனை அமுக்கு, திரும்பி அடுத்த கட்டையை எடு. அவ்வளவுதான் பிழைப்பு. எப்படி வெட்டுவது என்ற புரோகிராமைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வேறு யாரோ எழுதுவார்கள். கட்டர் எந்தப் புள்ளியிலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டும் என்று தினமும் காலையில் செட்டர் வந்து ஜீரோ வைத்துவிட்டுப் போவார். இவன் திரையைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். சில நாள் மத்தியானத்தில் அவனுக்கு மூச்சு முட்டும். காற்றுக்குக் குறைச்சல் இல்லாத இடம்தான், இருந்தும் முட்டும்.

அந்தக் கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி காலியானது. அவன் கூச்சத்தை விட்டு ஃபோர்மேன் முன்னால் போய் நின்றான்.

"நீயா?" என்று சிரித்தார் ஃபோர்மேன். "சரி, கேட்டுட்டே. ஒரு பீஸ் பண்ணிக் கொண்டா. வரைஞ்சது, புரோகிராம் எழுதினது, ஜீரோ வச்சது எல்லாம் நீயா இருக்கணும். திங்கட்கிழமை பார்க்கலாம்."

சும்மா கேட்டுவிடவில்லை அவன். பழைய சின்ன மெஷின் ஒன்றை வாங்கி, கட்டிலை நகர்த்திவிட்டுப் படுக்கையறையிலேயே வைத்திருந்தான். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் மனைவி பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அதை ஓட்டுவதற்கு எந்த சாஃப்ட்வேர் என்பதில்தான் மூன்று நாள் வீணாய்ப் போயிற்று. மனைவியின் அண்ணன் கம்ப்யூட்டர் ஆள். இரண்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"இது ஓசி, மாப்பிள்ளை. பார்க்க வறட்டுக் கறுப்புத் திரை, ஒவ்வொண்ணையும் நீங்களே டைப் பண்ணணும். இன்னொண்ணு அச்சு அசலா உங்க ஃபேக்டரி திரை மாதிரியே இருக்கும்."

இரண்டாவதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அதே கட்டங்கள், அதே மூலையில் அதே பெரிய பச்சை பட்டன்.

"பழகின கை. இதையே போடுங்க, மச்சான்."

சனிக்கிழமை எல்லாம் தயார். இருந்தது ஒரே ஒரு கட்டை. மாட்டினான். பச்சையை அமுக்கினான். அமுக்கிய கையோடு திரும்பி, இடது பக்கம் கையை நீட்டினான். அங்கே அடுத்த கட்டை ஏது? கை பீரோவின் கைப்பிடியில் போய் இடித்தது. அதற்குள் முதுகுக்குப் பின்னால் கடமுடாவென்று சத்தம். கட்டர் கட்டைக்குள் நேராக இறங்கி, முறிந்து தெறித்தது.

ஜீரோ வைக்கவே இல்லை. மறந்ததுகூட இல்லை, அப்படி ஒரு வேலை தன்னுடையது என்று அவன் கைக்குத் தெரியவே தெரியாது.

தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான் இதுக்குத்தான் லாயக்கு. அவனுங்க வச்ச பேரு சரிதான்."

"போதும், ஒப்பாரி வைக்காதீங்க" என்றாள் மனைவி. "கட்டையைத் திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு?"

திருப்பிப் போட்டான். முறிந்ததற்குப் பதில் வேறு கட்டர் மாட்டினான். மச்சானைக் கூப்பிட்டுக் கறுப்புத் திரையையே போடச் சொன்னான். பட்டன் கிடையாது, நின்று நிதானித்து ஒவ்வொரு வரியாகத் தட்ட வேண்டும். கட்டருக்கும் கட்டைக்கும் நடுவே துண்டுக் காகிதத்தை வைத்து மனைவி மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தாள். இவன் ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று கட்டரை இறக்கினான்.

"இருங்க, இருங்க! காகிதம் பிடிச்சுக்கிச்சு, அசையலை."

பதினோரு வருஷத்தில் அவன் வைத்த முதல் ஜீரோ அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீஸ் பளபளவென்று கையில் இருந்தது. சந்தோஷத்தில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஃபோர்மேன் அதை அளந்தார், திருப்பி அளந்தார். புருவம் ஏறியது.

"ஜீரோ யார் வச்சது?"

"நான்தான், சார்."

"அடேங்கப்பா! இத்தனை சுத்தமா வைக்கிறியே!" அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "என் தலைவலியே தீர்ந்துது போ. செட்டரும் எத்தனையோ வருஷமா அந்த அறையில ஒரு நாற்காலி கேட்டுக்கிட்டிருக்கார். அவரை விட்டா நாலாம் நம்பருக்கு ஜீரோ வைக்க ஆளில்லைன்னுதான் விடாம வச்சிருந்தேன். அவர் உள்ளே போகட்டும். நாளையிலிருந்து நாலாம் நம்பருக்கு ஜீரோவும் நீயே வச்சுக்கோ, பட்டனும் நீயே அமுக்கிக்கோ. சரிதானே?"

"சரிங்க சார்" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது உறைத்தது. ஃபோர்மேன் அதற்குள் போய்விட்டிருந்தார். பின்னால் ஓடி, 'இல்லை சார், நான் கேட்டது அந்த நாற்காலியை' என்று சொல்லியிருக்கலாம். கை அடுத்த கட்டையை எடுக்கத்தான் போயிற்று.

விஷயம் கேள்விப்பட்டு செட்டர் ஓடோடி வந்தார். நரைத்த தலை, வீங்கிய முழங்கால். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பத்தொன்பது வருஷம்டா, தம்பி. நின்னே செத்துப்போவேன்னு நினைச்சேன். உன் புண்ணியத்துல இனிமே உட்காருவேன்."

அவன் அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்தான். இந்த மனிதரை என்னவென்று சொல்லித் திட்டுவது?

"நல்லா இருங்கண்ணே" என்றான்.